போத்தனூரில் பிறந்த அம்மாவின் பையன்: ஆலன் டூரிங்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துல உட்கார்ந்து இதை எழுதறேன். ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போற ரோட்டுல, பைக்காரா தாண்டி, மலை கீழே இறங்க ஆரம்பிக்கிற இடம். வெள்ளைக்காரன் காலத்துல மலேரியா மருந்துக்காக சிங்கோனா மரம் நட்ட மலை, இப்ப பார்க்கிற பக்கமெல்லாம் தேயிலை. தென்மேற்கு மழை பிடிச்சா கரண்ட் எப்ப போகும்னு சொல்லலாம், எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீட்ல சிக்னல் கிடையாது. குடையைப் பிடிச்சுக்கிட்டு வளைவு வரைக்கும் நடந்தா நாலு நாள் மெசேஜ் மொத்தமா வந்து விழும்.

இந்தத் தடவை விழுந்ததுல பாதி ஜூனியர்ஸ் கேட்ட கேள்விகள். சி-யில ஆரம்பிக்கலாமா பைத்தான்ல ஆரம்பிக்கலாமா அக்கா. எட்டு ஜிபி ரேம் போதுமா. நான் யோசிச்ச ப்ராஜெக்டை ஏற்கெனவே ஒருத்தர் பண்ணி பேப்பரே போட்டுட்டாராம், விட்டுடவா. ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் கடையில காசு குடுத்து வாங்கிக்கலாமா. பாதியில நிக்கிறதை ரிவ்யூல காட்டினா திட்டுவாங்களா. ஒரு பையன் மட்டும் ப்ராஜெக்ட் பத்திக் கேட்கல, கிளாஸ்ல யாரும் தன்னை டீம்ல சேர்த்துக்க மாட்டேங்கறாங்கன்னு மட்டும் எழுதியிருந்தான்.

தனித்தனியா பதில் போட சிக்னல் போதாது. அதனால ஒரு ஆளோட கதையைச் சொல்றேன். பேர் உங்களுக்குத் தெரியும். டிஓசி பேப்பர்ல பதினாறு மார்க்குக்கு வந்து நம்மைப் படுத்தி எடுக்கிற அதே டூரிங்தான். ஆனா அந்த மனுஷனுக்கும் நம்ம மலைக்கும் சம்பந்தம் உண்டுன்னு எந்த கைடுலயும் போட்டிருக்க மாட்டாங்க.

அவருடைய தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். துங்கபத்ரா ஆற்றுப் பாலம் அவர் பொறுப்பில் கட்டப்பட்டது. வேலை போக மீதி நேரத்தில் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் ஆள் போல. கூரையில் தொங்கவிட்டு இழுக்கும் பங்கா விசிறி தெரியுமில்லையா, அது கிரீச் கிரீச்சென்று சத்தம் போடாமல் இருக்க ஒரு சக்கரம் கண்டுபிடித்து பேட்டன்டும் வாங்கினார். அவருடைய மகள் எத்தெல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார். ஆமாங்க, கோயம்புத்தூர் பக்கத்துல இருக்கிற போத்தனூர்தான். ஸ்டோனி குடும்பத்துக்குக் குன்னூரில் பங்களா இருந்தது. எத்தெல், ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை 1907-ல் கல்யாணம் செய்துகொண்டார். மெட்ராஸ் மாகாணத்துக்கு வேலைக்கு வருமுன் தமிழையும் ஒரு பாடமாகப் படித்துவிட்டு வந்தவர் அந்த ஜூலியஸ். மூத்த மகன் ஜான் 1908-ல் அந்தக் குன்னூர் பங்களாவிலேயே பிறந்தான்.

இளையவன் ஆலன் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23. அடுத்த வருஷமே அப்பா மெட்ராஸ் மாகாணத்துக்குத் திரும்பிவிட்டார், அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டார். இந்தக் காலநிலை குழந்தைகளுக்கு ஆகாது என்பது அன்றைய வெள்ளைக்காரக் குடும்பங்களின் கணக்கு. இரண்டு பையன்களையும் இங்கிலாந்தில், கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆலனுக்கு அப்போது ஒன்றரை வயசுகூட ஆகவில்லை. எஸ்டேட்ல வேலை பார்த்துக்கிட்டு பிள்ளைகளைக் கீழே ஹாஸ்டல்ல விட்டிருக்கிற வீடுகள் எங்க ஊர்ல நிறைய. அதனாலயோ என்னவோ, இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு டூரிங் கொஞ்சம் பக்கத்துல வந்துட்டார்.

பையன் மூன்று வாரத்தில் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டான். பத்து வயசில் ஒரு அறிவியல் புத்தகம் பரிசாக வந்தது. உடம்பும் ஒரு மெஷின் மாதிரிதான் என்று அதில் போட்டிருந்தது மனசில் ஒட்டிக்கொண்டது. தானே ஒரு பவுண்டன் பேனா செய்து, அதாலேயே வீட்டுக்குக் கடிதம் எழுதினான். குடும்பம் கொஞ்ச காலம் பிரான்சில் இருந்தபோது கடற்பாசியைப் பொறுக்கி வந்து வீட்டு அடித்தளத்தில் காய்ச்சி அயோடின் எடுத்தான். இன்னைக்கு இருந்திருந்தா ஆர்டுயினோவும் சால்டரிங் அயர்னுமா திரிஞ்சிருப்பான்னு சந்தேகமே வேணாம்.

1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்து முழுக்க வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பதிமூன்று வயசுப் பையன் கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகத்திலிருந்து சைக்கிளை மிதித்தான். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் ஒரு விடுதியில் தங்கி மறுநாள் போய்ச் சேர்ந்தான்.

இவ்வளவு ஆர்வமாகப் போய்ச் சேர்ந்த பள்ளியில் நல்ல பெயர் எடுத்தாரா என்றால், இல்லை. கையெழுத்து கோழி கிளறினது மாதிரி. இங்கிலீஷில் கடைசி. லத்தீன், கிரேக்கம் படித்தவனே மனுஷன் என்று நினைத்த பள்ளி அது. அறிவியல் மட்டும்தான் வேண்டுமென்றால் இந்தப் பையன் இங்கே இருப்பதே வீண் என்ற ரீதியில் தலைமையாசிரியர் வீட்டுக்கு எழுதினார். அதே சமயத்தில், கால்குலஸ் சொல்லித்தரப்படாமலே, டேன் இன்வர்ஸ் தொடரைத் தானாக வருவித்து வைத்திருந்தார் நம்மாள். விடுதி மாடிப்படிக் கிணற்றில் நீளமாகக் கயிறு கட்டி, பூமி சுழல்வதைக் காட்டும் ஊசலையும் தொங்கவிட்டார். இன்டர்னல் மார்க் குறைஞ்சுதுன்னு அழுத ரெண்டு பேருக்கு இந்தப் பத்தியை அனுப்பி வைங்க.

டீம்ல சேர்த்துக்க மாட்டேங்கறாங்கன்னு எழுதின தம்பிக்கு இது. ஷெர்போர்னில் ஆலனுக்கும் கூட்டாளி கிடையாது. பிறகு கிறிஸ்டோபர் மார்கம் என்று ஒருவன் கிடைத்தான். ஒரு வயசு மூத்தவன், கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரன், அதோடு எழுதுவதைச் சுத்தமாக, ஒழுங்காக எழுதுகிறவன். வானியல், வேதியியல், ரிலேட்டிவிட்டி என்று இருவரும் பேசித் தீர்த்தார்கள். ஆலன் அவனை உயிராக நேசித்தார். 1930 பிப்ரவரியில் காசநோயில் கிறிஸ்டோபர் இறந்துபோனான். சின்ன வயசில் குடித்த கெட்ட பாலிலிருந்து தொற்றிய நோய். ஆலனுக்கு வயசு 17. அதன் பிறகு பல வருஷம் அந்தப் பையனின் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இறந்தவனின் மனசு எங்கே போகும், மனசு என்பதே பொருளால் ஆனதா, மெஷினுக்குள் அது இருக்க முடியுமா என்ற யோசனைகள் அந்தச் சாவை ஒட்டியே அவருக்குள் வேர் பிடித்தன. ஏஐ என்று நாம் இன்னைக்கு கோர்ஸ் எடுத்துப் படிக்கிற சமாச்சாரத்துக்கு இப்படியும் ஒரு தொடக்கம் உண்டு.

1931-ல் கேம்பிரிட்ஜ், கிங்ஸ் காலேஜ். இங்கேதான் ப்ராஜெக்டை யாரோ ஏற்கெனவே பண்ணிட்டாங்கங்கிற கேள்விக்குப் பதில் இருக்கு. டிகிரி முடித்ததும் ஃபெல்லோஷிப்புக்காக ஒரு ஆய்வேடு எழுதினார். தலைப்பு, நாம் எம்-3-யிலோ எம்-4-லிலோ பார்க்கிற சென்ட்ரல் லிமிட் தியரம். முழுக்கத் தானாக நிரூபித்துவிட்டுப் பார்த்தால், லிண்டபெர்க் என்ற ஃபின்லாந்துக்காரர் 1922-லேயே அதை நிரூபித்திருக்கிறார். டூரிங் அதைக் கிழித்துப் போடவில்லை. இன்னார் முன்பே செய்திருக்கிறார் என்று குறிப்பிட்டு, தன் வழியையும் அப்படியே கொடுத்தார். காலேஜ் ஏற்றுக்கொண்டது. 1935-ல், 22 வயசில், ஃபெல்லோ ஆனார்.

அதே வருஷம் மேக்ஸ் நியூமன் என்ற பேராசிரியரின் வகுப்பில் ஒரு கேள்வி காதில் விழுந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் ஒரு பொதுவான வழிமுறை உண்டா? ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் கிளப்பிவிட்ட கேள்வி அது. நீள ஓட்டம் ஓடுவது டூரிங்கின் பழக்கம். ஓடிவிட்டு கிராண்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது விடைக்கான வழி தோன்றியது.

வழிமுறை, வழிமுறைங்கிறோமே, அது என்ன? அதிலிருந்து தொடங்கினார். கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கோங்க. ஒரே ஒரு வரி, ஆனா முடிவே இல்லாம நீளுது. கையில ஒரு பென்சில், ஒரு ரப்பர். ஒரு நேரத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கலாம். பார்த்ததை வைச்சு என்ன எழுதணும், எந்தப் பக்கம் நகரணும்னு ஒரு விதிப் பட்டியல். அவ்வளவுதான் மெஷின். 1011-ங்கிற பைனரி எண்ணோட ஒண்ணைக் கூட்டணும்னு வைங்க. வலது ஓரத்துல ஆரம்பிங்க. 1 இருந்தா அழிச்சு 0 போட்டு இடப்பக்கம் நகருங்க. 0 இருந்தாலோ காலியா இருந்தாலோ 1 போட்டு நில்லுங்க. 1100 வரும். கரண்ட் இல்லாத ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நான் இதைப் போட்டுப் பார்த்தேன். எட்டு ஜிபி ரேம் கேட்ட தம்பி, நோட் ஐந்து ரூபாய்.

அடுத்த படி இன்னும் பெரிசு. விதிப் பட்டியலையே அந்த நோட்டில் எழுதிவிட்டால், எந்த மெஷினின் வேலையையும் செய்யக்கூடிய ஒரே மெஷின் இருக்க முடியும். சாஃப்ட்வேர் என்ற யோசனை அங்கேதான் இருக்கிறது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே. பிறகு, அப்படிப்பட்ட மெஷினாலும் தீர்க்க முடியாத கணக்கு உண்டு என்று நிரூபித்தார். ஹில்பர்ட்டின் கேள்விக்கு விடை, இல்லை. நம்ம பேப்பர்ல வர்ற ஹால்டிங் பிராப்ளம் அந்த நிரூபணத்தோட வாரிசு.

1936-ல் எழுதி முடித்த சமயம் பார்த்து மறுபடி அதே அடி. அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்பவர் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, முதலில் வெளியிட்டும் விட்டார். முடிவு ஒன்றானாலும் வழி புதியது என்று நியூமன் வாதாடியதால் கட்டுரை அச்சேறியது. அச்சான பிறகு அதன் பிரதி கேட்டு எழுதியவர்கள் இரண்டே பேர். இன்று உலகத்தில் சர்ச்சின் முறையைத் தெரிந்தவர்களைவிட டூரிங் மெஷினை வரைந்தவர்கள் எத்தனை மடங்கு என்று நினைத்துப் பாருங்கள். போட்டியாளர் என்று ஒதுங்காமல் பிரின்ஸ்டனுக்குப் போய் அதே சர்ச்சிடம் பி.எச்.டி.யும் செய்தார்.

பிரின்ஸ்டனில் அவர் செய்த ஒரு வேலையை எந்த சிலபஸிலும் சொல்ல மாட்டார்கள். பைனரி எண்களைப் பெருக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றைக் கட்ட ஆசைப்பட்டார். ரகசியக் குறியீட்டுக்கு உதவும் என்ற யோசனை. அதற்கு வேண்டிய ரிலேக்களைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கணிதத் துறை ஆளுக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை? பிசிக்ஸ் துறை நண்பர் சாவியைக் கொடுத்தார். டூரிங் கையாலேயே ரிலே சுற்றினார். முதல் சில கட்டங்கள் மட்டும் முடிந்தன, அவை ஓடின. கேம்பிரிட்ஜ் திரும்பியதும் 1939-ல் அடுத்தது. ரீமான் ஜீட்டா ஃபங்ஷனைக் கணக்கிட, பல்சக்கரங்களால் ஆன ஒரு மெஷின். ராயல் சொசைட்டி 40 பவுண்ட் கொடுத்தது. அறைத் தரை முழுக்கப் பல்சக்கரம் இறைந்து கிடந்தது. அந்த மெஷின் கடைசிவரை முடியவே இல்லை, யுத்தம் வந்துவிட்டது. பாதியில நிக்கிற ப்ராஜெக்டைக் காட்டலாமான்னு கேட்டவங்களே, உங்க கம்பெனி பெரிய கம்பெனி. வெட்கப்படாம காட்டுங்க. கடையில வாங்கினதைக் காட்டத்தான் எனக்குக் கை வராது. அதுல தப்பு வந்தா எந்தப் பல்லு எங்க மாட்டுதுன்னு உங்களுக்கே தெரியாது.

1939 செப்டம்பர் 4. போர் அறிவித்த மறுநாள் பிளெட்ச்லி பார்க். ஜெர்மனியின் எனிக்மா மெஷின் ஒரு செய்தியைப் பூட்டுவதற்கு, 159-க்குப் பின்னால் பதினெட்டு பூஜ்யம் போட்டால் வருகிற அளவுக்கு அமைப்புகள் உண்டு. போலந்து கணிதக்காரர்கள் அதைப் பல வருஷம் முன்பே உடைத்து, போருக்குச் சற்று முன் தங்கள் வித்தையை பிரிட்டனுக்குக் கொடுத்திருந்தார்கள். சினிமாவில் அவர்களைச் சரியாகச் சொல்வதில்லை, அது எனக்குக் கோபம். ஆனால் ஜெர்மானியர்கள் முறையை மாற்ற மாற்ற அந்த வித்தை பலிக்கவில்லை. டூரிங் வேறு ஓட்டையைப் பிடித்தார். நாம லீவ் லெட்டர் எழுதினா மேலே மதிப்பிற்குரிய ஐயான்னு போட்டே ஆகணும் இல்லையா? அதே மாதிரி ராணுவச் செய்திகளிலும் வானிலை அறிக்கை போன்ற வாடிக்கையான சொற்கள் வந்தே தீரும். எனிக்மாவில் இன்னொரு பலவீனம், எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. ஊகித்த சொல்லை ரகசியச் செய்திக்குக் கீழே வைத்து நகர்த்துங்கள். எங்காவது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் தப்பு. பொருந்துகிற இடம் கிடைத்தால், எந்த அமைப்பு இதைத் தந்திருக்கும் என்று முரண்பாடுகளை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டும் வேலையை மெஷினிடம் விடலாம். அந்த மெஷினுக்குப் பெயர் பாம்ப். முதலாவது 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மன் சேர்த்த ஒரு மாற்றத்தால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மெஷின் பல மடங்கு வேகமானது. அட்லான்டிக் கடலில் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளின் கடற்படை எனிக்மாவை முதலில் யாரும் தொடவே இல்லை. யாரும் தொடவில்லை என்பதாலேயே டூரிங் அதை எடுத்துக்கொண்டார்.

ஆள் ஒரு மாதிரிதான். மகரந்த அலர்ஜிக்காக கேஸ் மாஸ்க் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். டீ கப்பை யாரும் எடுக்காமல் இருக்க ரேடியேட்டரோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தார். ஜெர்மனி பிடித்துவிட்டால் பணம் செல்லாது என்று வெள்ளிக்கட்டிகளை வாங்கிக் காட்டில் புதைத்தார், இடத்தைக் குறியீட்டில் குறித்துவைத்தார், பிறகு அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்குமென்டேஷன் சரியில்லைன்னா இதுதான் கதி.

போருக்குப் பின் ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்கு முழு வரைவும் எழுதினார். அரசு நிறுவனத்தின் மெதுவில் வெறுத்துப்போய் 1948-ல் மான்செஸ்டர் போனார். அங்கே இருந்த மெஷினில் நிரல் எழுத, 32 குறிகளைக் கொண்ட டெலிபிரிண்டர் சங்கேதத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், அதையும் பின்னாலிருந்து முன்னாலாக எழுத வேண்டும். சி-யா பைத்தானா என்ற கேள்வி அவரிடம் போயிருந்தால் என்ன முழி முழித்திருப்பாரோ. செஸ் ஆட ஒரு நிரல் எழுதிவைத்திருந்தார், அதை ஓட்டத்தான் மெஷின் இல்லை. 1952-ல் தானே மெஷினாக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் எடுத்து ஒரு நண்பரோடு ஆடினார். தோற்றது நிரல்தான். 1950-ல் மெஷின் யோசிக்குமா என்ற கட்டுரை. 1952-ல் சிறுத்தைப் புள்ளியும் வரிக்குதிரைப் பட்டையும் எப்படி வருகின்றன என்பதற்கு வேதியியல் சமன்பாடுகள். மாரத்தானை 2 மணி 46 நிமிஷத்தில் ஓடினதையும் சேர்த்துக்கோங்க.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு. தானே போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், ஒரு இளைஞனோடு தனக்கு உறவு இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆணும் ஆணும் சேர்வது அன்றைய இங்கிலாந்தில் குற்றம். அதே ஆங்கிலேயர்கள் இங்கே எழுதிவைத்துவிட்டுப் போன 377-ம் பிரிவு நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 வரை அப்படித்தான் இருந்தது. நாம ஸ்கூல் படிச்ச காலம் அது, ரொம்பப் பழசில்ல. சிறை, இல்லாவிட்டால் ஹார்மோன் சிகிச்சை என்று நீதிமன்றம் சொன்னது. அவர் இரண்டாவதை ஏற்றார். ஒரு வருஷம் பெண் ஹார்மோன். ஓட்டப்பந்தயம் ஓடிய அந்த உடம்பில் மார்பு வளர்ந்தது. அரசின் ரகசியக் குறியீட்டு வேலைக்கும் இனி வரக்கூடாது என்றார்கள். நாட்டுக்கு என்ன செய்தார் என்பதைக் கோர்ட்டில் சொல்லவும் வழியில்லை, அது ராணுவ ரகசியம்.

1954 ஜூன் 7 இரவு இறந்தார். சயனைடு. பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். 42 வயசு ஆக இன்னும் பதினாறு நாள் இருந்தது. தற்கொலை என்று விசாரணை முடிந்தது. அம்மா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வீட்டின் ஒரு சின்ன அறையில் சயனைடு வைத்து முலாம் பூசும் பரிசோதனை செய்துகொண்டிருந்தான், சின்ன வயசிலிருந்தே கைகழுவாமல் சாப்பிடுகிற பையன், விபத்துதான் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009-ல், அரச மன்னிப்பு வந்தது 2013-ல், 50 பவுண்ட் நோட்டில் முகம் வந்தது 2021-ல்.

அந்த அம்மா எழுபது வயசுக்கு மேல் உட்கார்ந்து மகனின் வாழ்க்கையை எழுதினார். புத்தகம் 1959-ல் வந்தது. பள்ளி ரிப்போர்ட்டுகள், கடிதங்கள், சைக்கிள் பயணம் எல்லாம் அதில் இருக்கின்றன. போரில் அவன் செய்த வேலை இல்லை. அந்த விவரம் 1974-ல்தான் வெளியே வர ஆரம்பித்தது. போத்தனூரில் பிறந்த எத்தெல் சாரா 1976-ல் இறந்தார், வயசு 94.

மழை விட்டிருக்கு. வளைவு வரைக்கும் நடந்து போய் இதை அனுப்பிடறேன். டீம் கிடைக்காத தம்பி, காலேஜ் திறந்ததும் ஃபைனல் இயர் லேபுக்கு வா. செஸ் நிரலைக் காகிதத்துல ஓட்டிப் பார்க்க எனக்கும் ஒரு ஆள் வேணும்.